கழுத்துப்பட்டியின் நிறம்

ஆயிரத்து எண்ணூற்று மூன்றில்
முல்லைத்தீவுக் கோட்டைக்குள் நின்றவனின்
கழுத்துப்பட்டி என்ன நிறம்?
மூன்று மாதமாக இதே கேள்வி.

பொம்மை என் சுண்டுவிரலில் இரண்டு கணு.
ஈயம். றொரன்ரோ மச்சாள்
பிஸ்கற் பெட்டிக்குள் பஞ்சு வைத்து அனுப்பினாள்.
பன்னிரண்டு பேர். ஒருவனுக்குத் துவக்கு வளைந்திருந்தது,
சுடுதண்ணீரில் பிடித்து நிமிர்த்தினேன்.

சிப்பாயின் சிவப்பு வேறு, அதிகாரியின் சிவப்பு வேறு.
அவனுக்கு வேர்ச்சாயம், இவனுக்குப் பூச்சிச்சாயம்.
வேர் வெயிலில் செங்கல்லாகிவிடும்.
தெறிகள் சிப்பாய்க்கு வெள்ளீயம்.
இவ்வளவும் பிடிபட்டுவிட்டது.
கழுத்துப்பட்டியைத்தான்
ஒரு புத்தகம் பச்சை என்கிறது,
மற்றது வெளிர்மஞ்சள்,
மூன்றாவது
‘கிடைத்த துணியில் தைத்திருக்கலாம்’ என்று நழுவுகிறது.
அந்தப் பக்கத்தில் கோபத்தோடு பென்சிலால் கீறினேன்.

முள்ளியவளை, அருந்தவராசா கடை.
பச்சை கேட்டேன்.
“என்ன பச்சை?”
“உடுப்புப் பச்சை” என்றேன், யோசிக்காமல்.
டின்னுக்கு நீண்ட கை பாதியில் நின்றது.
ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் நிறுக்காமலே போனார்.
“இருநூறு வருசத்துக்கு முந்தின உடுப்பு அண்ணை.”
“எந்த வருசமெண்டாலும் இஞ்ச உடுப்பெண்டு கேளாத பிள்ளை.
கதவுக்கெண்டு கேள்.”
கொப்பித் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார்.
வாழைக்குருத்து. சரிவராது. வாங்கினேன்.

மற்றக் கிழமை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர்,
சேர்ட்டை வெளியே விட்டபடி.
யாருக்குச் செய்கிறாய், எத்தனை, ஏன் ஆமி?
மூத்தவன் பதிந்துகொண்டான்.
இளையவன் பூதக்கண்ணாடிக்குள் குனிந்து
வெகுநேரம் நிமிரவில்லை.
பிறகு, உடைந்த தமிழில்,
“வெள்ளைக் காற்சட்டை பிழை.
இந்தக் காட்டில நடந்தா வெள்ளை நிக்காது.”
தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினான், இதுவரைக்கும் என்று.

அவர்கள் போன பின்
முற்றத்து மண்ணைக் குழைத்து
பன்னிரண்டு சோடி முழங்காலுக்கும் பூசினேன்.
அவன் சொன்னது சரி.
அதற்காக அவனை எனக்குப் பிடிக்க வேண்டுமென்றில்லை.

எதிரில் நின்ற எங்கட ஆட்களை
யாரும் ஈயத்தில் வார்க்கவில்லை.
என்ன உடுத்தினார்களென்று எழுதவுமில்லை.
மேசையின் அந்தப் பாதி வெறுமையாகக் கிடக்கிறது.

இன்று வந்த படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
கடைசியாகக் கண்டபோது அணிந்திருந்த உடை, நிறம்.
வாகீசன். பதினேழு வயது.
இது ஐந்தாவது படிவம்.
அம்மா நீலம் என்கிறா. எனக்குச் சாம்பல்.
பங்கருக்கு மூட்டை தைத்த சீலையில் மிஞ்சியதைத்தான்
சேர்ட்டாக்கினோம் என்பதில் மட்டும்
இருவருக்கும் சண்டையில்லை.
அது எந்தச் சீலை?

புள்ளிக்கோட்டில் எழுதினேன்:
கிடைத்த துணி.

பென்சில் கீறலை அழிக்க றப்பர் தேடினேன்.
விளக்கின் கீழ் பன்னிரண்டு பேரும்
கழுத்தில் வெறும் ஈயத்தோடு நின்றார்கள்.
வாழைக்குருத்து டின்
இன்னும் திறக்கவில்லை.