நிலுவை

டார்னெல் கவுண்டி அலுவலகத்தில்
வாக்காளர் பதிவு என் மேசை.
அதற்கு ஒரு கால் குட்டை.
பழைய வாக்குச்சீட்டொன்றை மடித்து
முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முதல் தடவை அவள் வந்தது ஆகஸ்டில்,
சாப்பாட்டு இடைவேளையில்.
இறைச்சி ஆலையின் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
வெர்லின் ஸ்டக்கி.
ஓட்டுநர் உரிமத்தை நீட்டினாள்.
'போதாது. புதுச் சட்டம்.
குடிமகள் என்பதற்குக் காகிதம் வேண்டும்.'
'ஏ ட்வைட், என்னைத் தெரியாதா உனக்கு?'

தெரியும்.
ஐந்தாம் வகுப்பில் அவள் அடித்த பந்து
என் முன்பல்லில் பாதியைக் கொண்டுபோனது.
மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, சாட்சியாக.
பல்லை நகலெடுத்துக்
கோப்பில் வைக்க முடியாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதென்பார்கள்.
இங்கே வந்து பாருங்கள்:
கொடியில் காய்த்தது வாசலில் வாடி நிற்க
ஏட்டில் காய்த்தது மட்டும்தான் வேகும்.

பிறப்புச் சான்றிதழ்
பிஸ்கட் டப்பாவில் இருந்ததாம்,
சுழற்காற்று வீட்டைத் தூக்கிய அந்த மே மாதம் வரை.
டப்பா கிடைத்தது,
மூன்று மைல் தள்ளி, சோளக்காட்டில்,
மூடி இல்லாமல்.

தலைநகருக்கு எழுதினாள். பணம் கட்டினாள்.
ஆறு வாரத்தில் வந்து சேர்ந்தது:
வெர்லின் ஹாஸ்கெட், பெண்,
ஆறு பவுண்டு பதினொரு அவுன்ஸ்.
உரிமத்தில் இருப்பதோ ஸ்டக்கி.
ஹாஸ்கெட் எப்படி ஸ்டக்கி ஆனாள்?
நடுவில் பாய்ட் என்று ஒருவன் இருந்தான்.
இருபதில் கட்டி இருபத்துமூன்றில் விட்டவன்.
அவன் பேரைத் தன்மேலிருந்து
தேய்த்துத் தேய்த்துக் கழுவியவளிடம்
கேட்டேன்,
கட்டியதற்கும் விட்டதற்கும்
முத்திரை வைத்த தாள் உண்டா என்று.

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

'உனக்கென்ன, ட்வைட்.
தொட்டிலுக்கும் கல்லறைக்கும் ஒரே பேர்.'

அந்தத் தாள் நூற்று நாற்பது மைல் தள்ளி இருக்கிறது,
செவ்வாயும் வியாழனும் மட்டும் திறக்கிற நீதிமன்றத்தில்.
ஒரு நாள் கூலி போகும். பெட்ரோல் தனி.
மேற்பார்வையாளன் முகம் தனி.

பதினோரு வருடத்தில் இந்த மேசையில்
குடியுரிமை இல்லாத ஒரே ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.
மேனிடோபாவில் பிறந்த பல் மருத்துவர்.
ஏதோ படிவத்தில் தவறான கட்டத்தில் டிக் அடித்துவிட்டு
தானே வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி,
பேரை எடுத்துவிடச் சொன்னார்.
இரண்டு நிமிட வேலை.
போகும்போது என் பல்லைப் பார்த்து
'சரி பண்ணிவிடலாமே' என்றார்.

நிலுவைப் பட்டியலில் அறுபத்தொரு பேர்.
வாசித்தால் ஊர் நடந்து போகிறது:
பேக்கரி டெல்பர்ட்,
முதியோர் இல்லத்தின் ஏழாம் அறை,
பதினெட்டு முடிந்த கோர்ஸ்கி இரட்டையர்.
'வேண்டாம், விடு' என்று திரும்பிப் போனவர்கள்
இதிலும் இல்லை.
அவர்களை எங்கே எழுதுவது?

அக்டோபரில் ஒரு புதன் காலை.
கதவைத் திறக்கும்போதே நின்றுகொண்டிருந்தாள்.
எல்லாத் தாளும், பாய்ட் உட்பட,
பிளாஸ்டிக் உறையில், தேதிவாரியாக.
பதிவு முடிந்தது செவ்வாய் மாலை ஐந்துக்கு.
பாய்டின் தாளுக்காக
அவள் அங்கே வரிசையில் நின்ற
அதே செவ்வாய்.

ஒன்றும் சொல்லவில்லை.
உறையின் ஸிப்பை இழுத்து மூடினாள்.
அது பாதியில் மாட்டிக்கொண்டது.
மறுபடி இழுத்தாள்.

குடிநீர்க் குழாய் வரி
நான்கு ஓட்டில் தோற்றது.
அவள் எந்தப் பக்கம் போட்டிருப்பாளோ, தெரியாது.
தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை.

என் வேலை, டிசம்பரில், இந்தக் கடிதம்:
'தங்கள் குடியுரிமை உறுதி செய்யப்பட்டது.
அடுத்த தேர்தலில் இருந்து
தாங்கள் வாக்களிக்கலாம்.'
கையெழுத்திட்டு, மடித்து, உறையிலிட்டு
ஓரத்துப் பசையை நாக்கால் ஈரமாக்குகிறேன்.

உடைந்த பல்லில்
நாக்கு இடறுகிறது.