நான்கு முடிச்சு

ஈசூன் பதினோராம் மாடியில்
மேடம் சியா எண்பது வெள்ளிக்குக் கொடுத்தார்:
பழைய ஓவர்லாக் மெஷின்,
அரிசி மூட்டைக் கனம்.
நூறு வோல்ட் ஜப்பான்காரி,
நம் சுவரில் நேரே செருகினால் புகைந்துவிடுவாள்.
டிரான்ஸ்ஃபார்மர் தனியாகப் பத்து வெள்ளி.

"நூலை உருவிடாதே. கட்டி இழு,"
லிஃப்ட் கதவு மூடும்போது சொன்னார்.

அவர் விட்டிருந்த ரோஜா நிற வால்களில்
என் கறுப்பைக் கட்டினேன்.
நான்கு முடிச்சு.
மூன்று போட்டவர் போய் ஆறு வருடம்.
பெடலை மெல்ல மிதிக்க
என் கண் படாத சந்தெல்லாம் புகுந்து
கறுப்பு வந்தது.

பிறகு கறுப்பின் வாலில் நீலம்,
நீலத்தின் வாலில் வெள்ளை.
கோக்கக் கற்கவே இல்லை நான்.

கத்தி மட்டும் பேச்சுக் கேட்காது,
தைக்கும்போதே வெட்டும்.
ஹரிராயாவுக்கு முதல் நாள்
லதீஃபாவின் பாஜு கூரோங்
ஒரு கை குட்டை.
மறு கையையும் வெட்டி
"இப்போது இதுதான் ஃபேஷன்" என்றேன்.

நேற்று கீழ் லூப்பரில் நூல் அறுந்தது.
சாமணம், கைபேசி வெளிச்சம், வாய் நிறைய வசவு.
மூடியைத் திறந்தால்
எண்ணெயில் ஊறிய பஞ்சுக்குள்
இன்னும் ஒரு ரோஜாத் துணுக்கு.
எடுக்கவில்லை.

இரவு இரண்டேகாலுக்குக் கோத்து முடித்தேன்.
முடிச்சே இல்லாமல்.
பழைய டீ-சட்டையில் ஒரு சாண் ஓட்டி
இரு பக்கமும் இழுத்தேன்.
பிரியவில்லை.

கீழ்வீட்டில் துடைப்பக்கட்டையால்
கூரையைத் தட்டினார்கள்.