வலதுகால்

பதினேழு வருஷம் பிரேக் எனக்கு இடது.
கியர் வலது. முதல் கியர் மேலே,
மற்ற மூன்றும் கீழே.
புதுவயல் மில்களுக்கு மீட்டர் கணக்கெடுக்கப் போகையில்
இதை நான் நினைத்ததே இல்லை.
எந்தச் செருப்பு எந்தக் காலுக்கென்று
யார் நினைக்கிறார்கள்?

புதிய புல்லட்டில் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது.
'பழகிரும் சார்' என்றான் ஷோரூம் பையன்.
அவன் பிறந்ததிலிருந்தே பிரேக் வலதில்தான்.

பள்ளத்தூர் முக்கில் நிறுத்த மிதித்தேன்,
கியர் விழுந்தது.
வண்டி உறுமிக்கொண்டு முன்னால் போக
டீக்கடை பெஞ்சில் நாலு பேர் எழுந்து நின்றார்கள்.
கேட் திறந்ததும் வலது பாதம்
பிரேக் மிதியை அடியிலிருந்து தூக்கிப் பார்த்தது,
தாழிட்ட கதவைப் பூனை தள்ளுவதுபோல.

டேங்கின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்:
வலது, நில்.
படித்து முடிப்பதற்குள் ஆடு கடந்துவிடும்.
ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
எட்டு மணிக்கே தூக்கம் வந்தது.
கானாடுகாத்தானில் பூட்டிய வீட்டுக்கு
நூற்றுநாற்பது யூனிட் எழுதிவைத்தேன்.
'மூணு நாளா தம்ளரை இடது கையில எடுக்கிறீங்க'
என்றாள் அழகம்மை.

ஐந்தாவது வாரம்.
பாதி ரோட்டில் அவித்த நெல் ஆவி பறக்கக் காய்கிறது.
உருண்டு வந்த டயருக்குப் பின்னால்
ஒரு பிள்ளை, பின்னால் அதன் அம்மா.
நின்ற பிறகுதான் குனிந்து பார்த்தேன்,
வலதுகால் மிதியை அழுத்தியிருந்தது.
நான் அப்போது ஒரு மில்லின் பாக்கித் தொகையைக்
கூட்டிக்கொண்டிருந்தேன்.
சொன்னது யார் அதற்கு?

கனவில் மட்டும் கியர் இன்னும் வலது.

என் பழைய வண்டியை வாங்கிய சிக்கந்தர்
போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்.
'என்னமோ சத்தம் வருது, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க.'
கண்டனூர் ஊரணியைச் சுற்றினேன்.
முதல் திருப்பத்தில் புதிய பழக்கம்
நேராகப் படித்துறைக்குக் கொண்டுபோனது.
ஒரு முழம் மிச்சம். கையால் பிடித்து நிறுத்தினேன்.
அடுத்த திருப்பத்தில் இடதுகால் தானாக வந்தது,
வெளியூர் போய் வந்தவன்
தன் கொடியில் துண்டைப் போடுவதுபோல.
அழியவில்லை அது.
பக்கத்து அறையில் இருந்திருக்கிறது,
கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு.

'செயின் தளர்ந்திருக்கு' என்றேன் சிக்கந்தரிடம்.
'படித்துறைப் பக்கம் ஏன் போனீங்க?'
பதில் சொல்லாமல் என் வண்டியில் ஏறினேன்.
சாவி போடவில்லை.
கொஞ்ச நேரம் இரண்டு கால்களையும்
தரையிலேயே வைத்திருந்தேன்.