நண்டு வளை

குடலைப் பருவம்.
இரண்டு நாள் தண்ணி பிந்தினால்
கதிர் உள்ளுக்குள்ளேயே பதராகும்.
புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை,
இலை சுருண்டு ஊசியாய் நிற்கும்போது
கண்ணில் குத்தும்.

முத்தையன்கட்டு இடதுகரையில்
என் முறை முடிந்து நாலு நாள்.
அடுத்ததற்கு இன்னும் மூன்று.
அன்றிரவு வாய்க்காலில் ஓடினது
எனக்குக் கீழே உள்ள பஸ்தியாம்பிள்ளையரின் தண்ணி.

பசளைக்கு அடைவு வைத்த காப்பு
புதுக்குடியிருப்பில் கிடக்கிறது.
உழவு மெசினுக்குப் பாதிதான் கொடுத்தது.
மகள் வவுனியாவில் படிக்கிறாள், அறை வாடகை
மாதம் பிறக்கமுன் கேட்பார்கள்.
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே
மண்வெட்டியைத் தூக்கினேன்,
ஆரோ விளக்கம் கேட்டதுபோல.
ஒருத்தரும் கேட்கவில்லை.
ரோச் லைற்றை வேண்டுமென்றே வீட்டில் விட்டிருந்தேன்.

இரண்டாவது வெட்டிலேயே வரம்பு இளகிற்று.
தண்ணிக்கு ஆருடைய வயல் என்றில்லை,
பள்ளம் எந்தப் பக்கம் என்றுதான்.
வந்தது.
விடியமுன் அடைத்துவிட்டுப் போய்
நன்றாகத் தூங்கினேன்.
களவைவிட அந்தத் தூக்கம்தான்
இப்போதும் என்னைக் கூசவைக்கிறது.

அவருடைய கடைசி மூலை, கால் ஏக்கர்,
வைக்கோல் நிறமாகிச் செத்தது.

கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில்
செயலாளர் தவக்குலம்
தண்டப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு
“வெட்டினது ஆர்?” என்றார்.
பின் வாங்கிலிருந்து ஒரு குரல்:
“பசிக்கு எடுத்தால் அது களவில்லை, ஐயா.”
தலைகள் ஆடின. என்னுடையதும் ஆடிற்று.
ஆடும்போதே
பஸ்தியாம்பிள்ளையரின் கழுத்தெலும்பைப் பார்த்தேன்.
குளத்திடமா எடுத்தேன்?
திணைக்களத்திடமா, வங்கியிடமா?
என் பயிரின் வாய்க்கு
அவர் பயிரின் வாயிலிருந்தல்லவா பிடுங்கினது.
அந்தக் குரல் எந்தப் பசியைச் சொன்னது?

அவர் எழும்பினார்.
“ஒருத்தரும் வெட்டேல்லை. நண்டு வளை.
தண்ணி அரிச்சுப்போட்டுது.
எழுதாதையுங்கோ.”

நண்டு
மண்வெட்டி அகலத்துக்குச் சதுரமாய் வெட்டுமா?
தவக்குலம் கேட்கவில்லை. பேனையை மூடினார்.
கம்பி போட்டுத் தைத்த என் செருப்பின் தடம்
அந்தச் சேற்றில் இருந்திருக்க வேண்டும்.
அவர் கண்டாரா,
இன்றுவரை தெரியாது.
கண்டிருந்தால் அது மன்னிப்பு.
காணாவிட்டால்
அவர் உண்மையிலேயே நண்டைத்தான் நம்புகிறார்,
நான் இன்னும் மாட்டுப்படாத கள்ளி.

என் முறை வந்த இரவுகளில்
வரம்பில் குந்தியிருந்தேன்.
காவலுக்கு இல்லை.
அவர் வந்து வெட்டட்டும் என்று.
ஒரு வெட்டு, ஓர் இரவு,
இருவரும் பேசாமலே கணக்குத் தீர்ந்துவிடும்.
காட்டுப் பக்கம் யானை வெடி கேட்டது,
நுளம்பு தின்றது.
அவர் வரவில்லை.

பிறகு நானே வெட்டினேன்,
என் வரம்பை, அவர் வயல் பக்கமாய்.
எடுத்த அன்று நடுங்காத கை
கொடுக்கும்போது நடுங்கிற்று.

விடியப் போய்ப் பார்த்தால்
அடைத்திருந்தது.
வைக்கோல் வைத்து மிதித்து
மண்வெட்டி முதுகால் தட்டி வழுவழுப்பாக்கி,
தன் பக்கம் இறங்கினதையும்
பட்டையால் திருப்பி இறைத்திருப்பார் போல,
அங்கே ஈரமே இல்லை.

ஒரு சாண் தள்ளி, மெய்யாகவே,
ஒரு நண்டு வளை இருந்தது.
அதை மட்டும்
அடைக்காமல் விட்டிருந்தார்.