பதினோரு நாள் குளிருக்கு

ஆவணி பிறந்து நாலாம் நாள்.
மாடி அறையில் முப்பத்தேழு டிகிரி.
ஆய்வகத்தில் இதே சூட்டுக்கு
மூன்று கையெழுத்து வாங்கி
ஒரு பெட்டி வரவழைத்தோம் போன வருஷம்.
தோட்டப்பாளையத்தில் அதை
வாடகையோடு சேர்த்தே தந்துவிடுகிறார்கள்.

விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
குளிர்காலத்து பீருக்குக் கணக்கு எழுதுகிறேன்.

காலண்டரைப் பின்னாலிருந்து கிழிக்க வேண்டும்.
மார்கழி பத்தில் மூடி திறப்பதென்றால்
கார்த்திகை முழுக்க பாட்டில்கள் கட்டிலடி இருட்டில்,
ஐப்பசியில் பானை நுரைத்து அடங்க வேண்டும்,
புரட்டாசியில் தானியம் முளைத்துக் காய வேண்டும்,
அப்படியென்றால் சாமைக்கு
ஜமுனாமரத்தூர் பஸ் கண்டக்டரிடம்
நாளைக் காலையே சொல்லியாக வேண்டும்.

வேலூர்க் குளிருக்கு ஆயுள் பதினோரு நாள்.
அந்தப் பதினோரு நாளும்
குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு
சைதாப்பேட்டை டீக்கடையில் ஊரே நிற்கும்.
அதற்கு நாலு மாத ஏற்பாடு.
"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ
இவ்ளோ யோசிக்கல" என்கிறார் ஞானசிகாமணி.
யோசிக்கவில்லைதான்.

முதல் பானை: கேழ்வரகு முளை, கருப்பட்டி,
நேதாஜி மார்க்கெட் இஞ்சி.
கசப்புக்கு நிலவேம்பு,
கொசுக் காலத்தில் தெருமுனையில் நின்று
டம்ளர் டம்ளராக ஊற்றுவார்களே, அதே கசப்பு.
இரண்டாவது: சாமை, ஆரஞ்சுத் தோல், ஒரே ஒரு கிராம்பு.
(போன தடவை மூன்று போட்டேன்.
குடித்தவர்கள் எல்லாரும் பல்லைத் தொட்டுப் பார்த்தார்கள்.)
மூன்றாவதற்கு எண் மட்டும் போட்டிருக்கிறேன்.

புரட்டாசி போய் ஐப்பசி.
பானையைச் சுற்றி ஈரச் சாக்கு.
மூன்று மணிக்கொரு தடவை எழுந்து நனைக்கிறேன்,
கைக்குழந்தைக்காரி மாதிரி.
ஒரு மதியம் ஒரே ஒரு சொட்டை
ஸ்லைடில் வைத்துக் குனிந்தேன்.
மொட்டு, மொட்டின் மேல் மொட்டு.
அந்நியர் ரத்தத்தில் இந்த உருவம் தெரிந்தால்
வார்டுக்கு ஓடிப்போய் போன் செய்கிறவள் நான்.
பகலெல்லாம் எது வளரக் கூடாதென்று
சம்பளம் வாங்குகிறேனோ
அதற்கு ராத்திரியில் கருப்பட்டி ஊட்டுகிறேன்.

கீழ்வீட்டில் பலராமன்.
மதுவிலக்குப் பிரிவு ஏட்டு.
படிக்கட்டில் ஒருநாள் மூக்கைச் சுளித்தார்.
"இன்னாம்மா, புளிச்ச வாடை?"
"தோசை மாவு சார்."
அரை உண்மை. மாவும் புளித்துக்கொண்டுதான் இருந்தது.

கார்த்திகை பன்னிரண்டு.
மழை சென்னையோடு திரும்பிப் போய்விட்டது.
கட்டிலடி இருட்டு கொதித்தது.
ராத்திரி இரண்டு பத்துக்கு முதல் பாட்டில்,
அவர் எழுந்து விளக்குப் போடுவதற்குள்
இரண்டாவது,
நான் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது.

டார்ச்சோடு மேலே வந்துவிட்டார் பலராமன்.
சுவரில் வழிகிறது, கொசுவலையில் சொட்டுகிறது,
காலண்டரில் கார்த்திகை நனைந்து ஊறுகிறது.
"தோசை மாவு" என்றேன்.
"எங்க வூட்டு மாவு இப்படிச் சத்தம் போட்டதில்லயே."
குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்,
ஒன்றை மட்டும் மூக்கருகே வைத்துக்கொண்டார்.
"நிலவேம்பா?"
"ஆமா சார்."
"காய்ச்சலுக்கு நல்லது" என்றவர்
செருப்பைப் பார்த்துப் பார்த்து
இறங்கிப் போனார்.

மீதி ஐந்து. தினம் ராத்திரி
மூடியை லேசாகத் திருகிப் பெருமூச்சு விடவைத்து
மறுபடி மூடினேன்.

குளிர் மூன்று நாள் முன்னதாக வந்துவிட்டது.
மார்கழி ஏழு, விடியற்காலை பத்தொன்பது.
கோட்டை அகழி மேல் வெள்ளையாக எதுவோ நின்றது,
பனி என்று நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.
அன்று ராத்திரி கதவு தட்டும் சத்தம்.
மப்ளர் சுற்றிக்கொண்டு பலராமன்,
கையில் காலி எவர்சில்வர் டம்ளர்.
"லேசா காய்ச்சல் மாதிரி கீதும்மா."

நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.
சாமை பாட்டிலை எடுத்துத் திறந்தேன்.
நுரை விளிம்பு வரை வந்து
யோசித்துவிட்டுத் தணிந்தது.

மூவரும் குடித்தோம்.
குறை தெரிந்தது.
நோட்டை எடுத்து எழுதினேன்:
அடுத்த ஆவணிக்கு, கிராம்பு ஒன்றரை.