நாலு துளை

தூக்கம் வரலீங்களா, சென்னியப்பண்ணா?
எனக்கும் அப்படித்தானுங்க இருந்துது.
சொட்டுச் சொட்டா எறங்கற குளுகோஸ எண்ணிக்கிட்டுக் கெடக்கறதுக்கு
எம் பேச்சக் கேளுங்க.
பெருந்துறை ரோட்டுல லாரிச் சத்தம் அடங்க
எப்படியும் மணி ரெண்டாயிரும்.

பதினெட்டு வருசமா ரிக்கு வண்டிங்க நானு.
திருச்செங்கோட்ட உட்டுப் பொறப்பட்டா
ராய்ச்சூரு, அதத் தாண்டி, பேரு தெரியாத காடு.
பூமியில எத்தன ஓட்டை போட்டேன்னு கணக்கே இல்ல.
எம் வயித்துல நாலு போடறதுக்கு
மூணு எடத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க.

நீரோட்டம் பாக்கறவரு
உள்ளங்கையில தேங்காயப் படுக்க வெச்சு நடப்பாருல்லீங்க,
ஸ்கேன் எடுத்த புள்ளையோட கை
அப்படித்தான் போச்சு, ஜில்லுனு,
வலது விலாவுக்குக் கீழ வந்து நின்னுக்கிச்சு.
கல்லுங்கண்ணான்னுது.
கல்லுன்னா வண்டியத் திருப்பற ஆளாம்மா நானுன்னு
சிரிச்சேன். அப்புறம் ரெண்டு நாளு சிரிக்கல.

காலைல அரணாக்கயித்தக் கழட்டச் சொல்லுவாங்க.
கத்தரிய எடுத்துப்போட்டாங்க எனக்கு.
அறுக்க வேண்டாம் சிஸ்டர், அவுத்துத் தாரேன்னேன்.
முடிச்சு எளகவே இல்ல.
அறுக்கறது எப்பன்னு நமக்குத் தெரியுமுல்ல.
கோகிலா பல்லுல கடிச்சு அவுத்தா.
இன்னும் அவ மணிக்கட்டுலதான் கெடக்குது.

மயக்க டாக்டரு எந்த ஊருன்னு கேப்பாரு.
திருச்செங்கோ வரைக்கும் சொன்னேன்.
'டு' சொன்னது வார்டுக்கு வந்தப்பறம்.

உள்ள காத்தடிச்சு வயித்த உப்ப வெச்சுத்தான்
கேமராவ உடறாங்க.
எங்க கம்ப்ரசர் காத்தடிச்சா தூளு மேல பறக்கும்.
இந்தக் காத்து போக வழி தெரியாம
தோள்பட்டையில வந்து குந்திக்குது.
வயித்தத் தொளைச்சவனுக்குத் தோளு ஏனுங்க வலிக்கோணும்?
நெஞ்சுவலின்னு மணியடிச்சேன்.
ஜெர்லின் சிஸ்டரு பி.பி. பாத்துட்டு, நடங்கண்ணா, கலைஞ்சிரும்ங்குது.
இருமல் வந்தா தலகாணிய வயித்தோட அணைச்சுக்கங்க.
சிரிப்பு வந்தாலும்.

காத்து பிரிஞ்சுதான்னு
வர்றவங்க போறவங்க எல்லாரும் கேப்பாங்க, வெக்கப்படாதீங்க.
எம் மாமனாரு பஸ்ஸேறி வந்து கேட்டாரு.
பிரிஞ்சப்ப, மக பன்னெண்டாவது பாஸானப்பக் கூட
ஊட்டுல அத்தன சந்தோசம் இல்லீங்க.

எண்ணெய் ஒரு மாசத்துக்கு வேண்டாங்கறாங்க.
நெய்யில்லாம அரிசிம்பருப்புச் சோறு!
உள்ளபடியே ஆபரேசன்னா அதுதானுங்க.

பை போனா பித்தமும் போயிருமான்னு கேட்டேன்.
கோகிலாவும் காதத் தீட்டிக்கிட்டு நின்னா,
எங் கோவத்துக்கு வாக்கப்பட்டவ.
பித்தம் ஊறறது ஈரல்லப்பா, பை வெறும் தொட்டின்னாங்க டாக்டரம்மா.
தொட்டி இல்லீனாலும் ஊத்து நிக்காது,
கொஞ்சங் கொஞ்சமாக் கொடலுக்குப் பாஞ்சுக்கும்.
ஊத்து நிக்காதான்னு
அவ ஒரு பார்வ பாத்தா.

டப்பாவுல போட்டுக் குடுத்தாங்க, பதினோரு கல்லு.
வெந்த பயறாட்டப் பத்து,
ஒண்ணு மட்டும் சுண்டக்கா பெருசு, மூல மூலையா.
தூளக் கையில அள்ளுனா
இது ஓடைக்கல்லு, இது கருங்கல்லு, இனி தண்ணி வராதுன்னு
சொல்லிப்போடுவேன்.
இதப் பாத்து ஒண்ணும் சொல்ல வரலீங்க.

தாராவரம் பக்கம் ஒரு காடு.
ஆயிரத்து நூத்தம்பது அடி, புழுதிதான் வந்துது.
அந்தம்மா நோட்ட எண்ணிக் குடுத்துது,
ஒரு சொல்லு பேசல.
வண்டியத் திருப்பறப்ப
குழி வாயில ஒரு சாக்கப் போட்டு
மேல கல்லத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்துது, ஒத்தையா.
எறங்கி ஒரு கை புடிச்சிருக்கலாம்.

எனக்கு நாலையும் தையல் போட்டு மூடிட்டாங்க.
பிளாஸ்திரிய மாத்தறப்பெல்லாம் ஒண்ணொண்ணா எண்ணிப் பாக்குது
அந்த நர்ஸுப் புள்ள.

உங்க பாட்டில் தீருதுங்கண்ணா.
இருங்க, மணியடிக்கறேன்.
அப்படியே அந்த முடிச்ச இப்பவே எளக்கி வெச்சுக்கங்க.