இருபத்துநாலு பின்

கரண்ட் பத்தரைக்கே போய்விட்டது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
ஈர முடியைப் பிரித்துப் பிரித்து
நுனியிலிருந்து இரண்டு விரலில் சுற்றி
மண்டையோடு படுக்கவைத்து
பெருக்கல் குறி போல் இரண்டு பின்.
பன்னிரண்டு சுருள். இருபத்துநாலு பின்.

எத்திராஜ் புரண்டு படுத்து
"தலையில இன்னா, கைமுறுக்கு சுத்துறியா?" என்றான்.
பதில் சொல்லவில்லை. வாயில் பின்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குத்தியது.
காசிமேட்டுக் காற்று ஜன்னல் வழியே உப்பாய் வந்து
எதையும் காயவிடாமல் பார்த்துக்கொண்டது.

நாலே முக்காலுக்குத் தண்ணி லாரி.

துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு
இரண்டு குடத்தோடு ஓடினேன்.
வரிசையில் ஒரு தள்ளு;
துப்பட்டா தோளுக்கு வந்துவிட்டது.
"இன்னாக்கா, ஆன்டெனாவா?"
ஒருத்தி சிரிக்க, தெருவே சிரித்தது.
ஹோஸ் என் குடத்தில்.
கையை எடுத்தால் தண்ணீர் போய்விடும்.

குர்ஷித் மட்டும் கிட்டே வந்தாள்.
தொங்கிய சுருளை விரலில் சுற்றி
தன் கொண்டையிலிருந்து ஒரு பின்னை உருவிக் குத்தினாள்.
"பிரிச்சா எப்டி வரும்?"
"தெரியாது. இதான் மொத தடவ."

எட்டரைக்குப் பிரித்தேன்.
பதினோரு சுருள் அலையலையாய் இறங்கின,
பழைய காலண்டர்க்காரி மாதிரி.
குர்ஷித் குத்தியது மட்டும் ஈரம் காயாமல்
குச்சியாய் நின்றது.
காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

ஆபீஸில் அடையாள அட்டைக்குப் படம்.
"தலையைக் கொஞ்சம் குனிங்க மேடம்."
குனியவில்லை.

அவள் பின் பையில் கிடக்கிறது, துருப்பிடித்த முனையோடு.
நாளைக்குக் கொடுத்துவிட வேண்டும்.
நாளைக்கு லாரி வராது.
நாளன்னிக்கு.